உலாரும் ஐசூரோக்கும்

ஐசூரோக் கோபத்தைப் பல்லில்தான் காட்டுவாள். மேசை இழுப்பறையில் கல்லாய் இறுகிய உப்புத் தயிர் உருண்டைகள் கிடக்கும். கணினித் திரை உறைந்து நின்றால் ஒன்றை எடுத்துக் நறுக் நறுக்கென்று கடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து அறையில் யாரும் தேநீருக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில், கார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் 'உலார்' என்ற இணைய உலாவியை உருவாக்கும் சிறு குழுவுக்கு அவள்தான் தலைவி. முதலாளி துராத் உட்பட எல்லாருக்கும் அவள் 'எஜே', அதாவது அக்கா. அவளுக்கோ எல்லாரும் 'அறிவுக்கொழுந்து'தான். யாராவது புதுப் பொத்தான் ஒன்று வேண்டும் என்று வந்தால், "இருக்கிற பொத்தானையே எவனும் அமுக்கலடா அறிவுக்கொழுந்தே!" என்று துரத்துவாள்.

போன மாதம் ஐந்தாம் பதிப்பு வெளிவர வேண்டியிருந்தது. துராத் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வெள்ளிக்கிழமை என்று அறிவித்தும் விட்டான். புதன்கிழமை பார்த்தால், பழைய கணினிகளில் ஓர் எழுத்தை அடித்ததும் உலார் பட்டென்று மூடிக்கொள்கிறது. மூக்கால் ஒலிக்கிற, வால் வைத்த எழுத்து. கிர்கிஸ் மொழியில் 'புதிது' என்ற சொல்லே அது இல்லாமல் வராது.

"புதுப் பதிப்புல புதுசுன்னு அடிக்க முடியல. வெளங்கிடும்!"

"அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர இப்ப யாரு எஜே வச்சிருக்கா?" என்றான் துராத்.

"நரின்ல பாதிப் பள்ளிக்கூடம் வச்சிருக்கு. உன் மாமனார் ஊருதானே? போய் அவங்க முன்னாடி நின்னு கேளு."

"நான் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேனே!"

"நீ சொன்ன. நான் சொன்னேனா?"

உலாரில் எழுத்துகளைத் திரையில் வரையும் பகுதியை எழுதியவன் குபாத். அப்போது அவள் கணவன். இப்போது அல்மாத்தியில் வேறு வேலை, வேறு வீடு. அவன் எழுதியதில் விளக்கம் என்று இருந்தது ஒரே வரி: 'இதைத் தொடாதே.' இந்தப் பதிப்பில்தான் அவள் எரிச்சலோடு அந்தப் பகுதியையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். எங்கே தேடியும் காரணம் பிடிபடவில்லை. வியாழன் மதியம் வரை பல்லைக் கடித்துவிட்டு, மாடிப்படியில் நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

எதற்கு என்று சொல்லி முடிக்கவில்லை. "தொட்டுட்டியா?" என்றான்.

"ஏன் தொடக்கூடாதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டேன் குபாத். குடும்பம் நடத்தின காலம் பூரா கேட்டேன். கம்ப்யூட்டரப் பத்தி மட்டும் இல்ல."

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். பழைய கணினிகளில் அந்த எழுத்தே கிடையாது. பக்கத்து எழுத்துக்கு ஒரு வால் ஒட்டித்தான் அவன் காட்டிக்கொண்டிருந்தான். எப்படி ஒட்டினான், எங்கே சறுக்கினான், ஏன் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, எல்லாம் சொன்னான். கூட வாழ்ந்த காலத்தில் அவன் ஒருமுறைகூட இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் குறுக்கே பேசவில்லை. "சரி, புரிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை துராத் பத்திரிகைக்காரர்களுக்குப் போன் மேல் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். ஐசூரோக் அந்த வாலைச் சரியாக ஒட்டி முடித்தாள்; திங்கட்கிழமை ஐந்தாம் பதிப்பு வெளியானது. மாலைக்குள் நரினிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிவிட்டாள்: எழுத்தெல்லாம் ஒழுங்காக வருகிறது, ஆனால் பழைய நிறம்தான் நன்றாக இருந்தது.

"பாத்தியா, இவங்களுக்காகத்தான் நான் மாரடிச்சேன்!" என்று கத்தினாள் ஐசூரோக். துராத் கறிச் சம்சா வாங்கி வந்திருந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் முறைத்துக்கொண்டே தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவளுடைய திரையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் எழும்பியது: 'உலார் ஐந்து தயார். இப்போதே மாற்றிக்கொள்ளலாமா?'

சம்சாவை ஒரு கடி கடித்தாள். எண்ணெய் படாத சுண்டுவிரலால் 'பிறகு' என்பதை அமுக்கினாள்.