வலி வர ஊசி, வலி போக ஊசி

எனக்குப் பிரசவ வலியை வரவழைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட என் வீட்டுக்காரருக்கு அரை நிமிடம் ஆனது. அதே வலியைக் குறைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. இதை நான் இன்றைக்கும் அவரிடம் சொல்லிக் காட்டுகிறேன். சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

தலைப்பிரசவம் என்பதால் பனமரத்துப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் தாண்டி ஆறு நாளாகியும் உள்ளே இருந்த பிள்ளை வெளியே வருகிற யோசனையிலேயே இல்லை. சேலத்தில் காட்டிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "குழந்தையைச் சுத்தித் தண்ணி குறைஞ்சிருக்கு. இனிமே காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க, நாமளே வலி வர வெச்சிடலாம்" என்றார்.

என் புகுந்த வீடு திருச்செங்கோட்டுப் பக்கம். மாமனாருக்கு ரிக் வண்டி உண்டு. ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போடுகிற தொழில். அப்பாவும் மகனும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். தண்ணீர் குறைந்துவிட்டது என்ற செய்தியை அந்த வீட்டுக்குச் சொன்னால் எப்படி இருக்கும்? மாமா போனிலேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டார். "எத்தனை இருக்குதாம்? போன மாசம் எத்தனை இருந்துச்சு? ஏன் இத்தனை நாளா பாக்கல?" கடைசியில், "தண்ணி குறையுதுன்னா தள்ளிப்போடக் கூடாதுங்க. ஒடனே வேலையப் பாக்கோணும்" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படித்தான் அந்த முதல் கையெழுத்து அரை நிமிடத்தில் விழுந்தது.

எனக்கோ பயம். சும்மா படபடப்பு இல்லை, செத்துப்போய்விடுவேன் என்கிற பயம். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அப்புறம் நான்தான் அவளைத் தேற்ற வேண்டும். அத்தையிடம், அதாவது மாமியாரிடம் சொன்னால் சிரிப்பார். அத்தை மூன்று பிள்ளை பெற்றவர். மூன்றையும் சத்தம் போடாமல் பெற்றவர். இந்தச் செய்தி தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. "பக்கத்து ஊட்டுக்குக் கூடக் கேக்கல கண்ணு. பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன்" என்று சீமந்தத்தன்று எனக்கு வளையல் போடும்போதே காதில் சொன்னார். மாமாவும், "ஆமாங்க, உங்கத்தை ஒரு சத்தம் போடல" என்று சாட்சி சொல்வார். மூன்று பிரசவத்தின்போதும் மாமா ரிக் வண்டியோடு வடநாட்டில் இருந்தார்.

என் பயத்துக்கு ஒரே ஒரு மருந்து இருந்தது. ஏழாம் மாதம் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: வேண்டுமென்றால் முதுகில் ஓர் ஊசி போடலாம், சுய நினைவு இருக்கும், வலி வெகுவாகக் குறையும் என்று. அன்றைக்கே எனக்கு அந்த ஊசி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்ததால் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். அவர் வாயில் 'பாத்துக்கலாம்' என்றால் 'இந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது' என்று அர்த்தம் என்பது அப்போது தெரியாது.

காலையில் ஏழு மணிக்கு மாத்திரை. ஒன்பதரைக்கு டிரிப்ஸ். நர்ஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டே, "இதுதான்க்கா வலி வர ஊசி. இனி ஜம்முனு வந்துரும்" என்றாள், ஏதோ பஸ் வரப்போகிற மாதிரி. ஜம்மென்றுதான் வந்தது. தானாக வருகிற வலி மெதுவாகப் படியேறி வருமாம். இது கதவை உடைத்துக்கொண்டு வந்தது. பத்தரை மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்தவள் விடவேயில்லை.

கர்ப்பிணிகளுக்கான மூச்சுப் பயிற்சி வீடியோ எல்லாம் மாதக்கணக்கில் பார்த்து வைத்திருந்தேன். மூச்சை மெதுவாக இழுத்து, கடற்கரையை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். சேலத்துக்காரி கடற்கரைக்கு எங்கே போவேன்? இரண்டு வலியிலேயே அது வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வலிக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டு, வலி ஏறும்போது அந்த ஆளை மனசுக்குள் திட்ட ஆரம்பிப்பது, இறங்கும்போது நிறுத்துவது. முதலில் வீட்டுக்காரர். அடுத்து அவருக்கு என்னைக் காட்டிய தரகர். கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்த சித்தப்பாவைக்கூட விடவில்லை. பதினொன்றரைக்குச் சொந்தபந்தம் முழுக்கத் தீர்ந்துபோய் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கு வந்துவிட்டேன். உண்மையாகவே அது கொஞ்சம் உதவியது. ஆனால் திட்டுகிற நேரம் நீண்டு, நிறுத்துகிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வலியில் எனக்கு அந்த வாத்தியாரின் முகமே மறந்துபோய், அம்மா என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க்கா, கத்துனா கொழந்தை மேல ஏறிக்கும்" என்றாள் நர்ஸ்.

பக்கத்தில் நின்ற அத்தை என் தலையைத் தடவி, "பல்லக் கடிச்சுக்க சாமி. நம்மூட்டுல ஆரும் கத்துனதில்ல" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

டாக்டரம்மா வந்து சோதித்துவிட்டு நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார். பத்து வர வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்த முதுகு ஊசியைப் போட்டுடுங்க டாக்டர், என்னால முடியல" என்றேன்.

"தாராளமாப் போடலாம்மா. இதுதான் சரியான நேரம். மயக்க டாக்டர் கீழதான் இருக்கார். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டாப் போதும். எங்க ஆஸ்பத்திரில ரெண்டு பேரும் போடணும்."

நான் படுத்தபடியே போட்டேன். கோணல் மாணலாக விழுந்தது. தாளை நர்ஸ் வெளியே கொண்டுபோனாள். அறைக் கதவு சரியாகச் சாத்தாததால் வராந்தாவில் நடந்த மாநாடு முழுவதும் எனக்குக் கேட்டது.

அத்தைதான் தொடங்கி வைத்தார். "முதுவுல ஊசியா? இளம்பிள்ளை ஊருல ஒருத்திக்கு அதப் போட்டுப் பத்து வருசமா நிமிர முடியலியாமே." அந்த அம்மாளை எனக்கும் தெரியும். காலையிலிருந்து இருட்டுகிற வரை தறியில் குனிந்து சேலை நெய்கிறவர். அவருக்கு ஏன் நிமிர முடியவில்லை என்று யோசிக்க ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் என் அம்மாவைப் பார்த்து, "நீங்க என்னங்கத்தை சொல்றீங்க?" என்றார். என்னைப் பெற்றவள், அங்கே எனக்கென்று இருந்த ஒரே ஆள், "சம்பந்தியம்மா பெரியவங்க, அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வலிக்கான திட்டு முழுக்க அவளுக்கு.

டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் ரொம்பப் பொறுப்பாக ஒன்று சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர். எங்க தொழில்ல, பேசுன அடிக்கு மேல போகோணும்னா தோட்டத்துக்காரரைக் கேக்காம ஒரு அடி எறக்க மாட்டோங்க. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டாப் பொறவு பிரச்சினையில்லைங்க."

நான் உள்ளேயிருந்து கத்தினேன். "ஏனுங்க, இங்க தோட்டத்துக்காரர் யாருங்க?"

அவர் கேலி கிண்டல் எதுவுமில்லாமல், மனசாரப் பதில் சொன்னார்:

"இரு கண்ணு, அப்பாகிட்டக் கேட்டுட்டு வாரேன்."

அட சாமி! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பாதியில் அடுத்த வலி வந்துவிட்டது.

மாமா போனை எடுக்கவில்லை. மோகனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லையாம். ஒன்றரை மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். யாரோ தெரிந்த மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டார். என் முதுகெலும்பைப் பற்றி அன்றைக்கு எத்தனை பேர் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இதற்கிடையில் கீழே இருந்த மயக்க டாக்டர் ஐந்து ரோட்டுப் பக்கம் வேறோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் நடுநடுவே உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்நெஞ்சுக்காரர் என்று சொன்னால் பொய். "கையெழுத்துப் போடுங்க, உங்க கால்ல விழறேன்" என்றேன். "அப்பா இப்பக் கூப்பிட்டுருவாரு கண்ணு, அஞ்சு நிமிசம்" என்றார். நான் அவர் கையைக் கடித்தேன். எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். கடிக்கக் கை கொடுத்த மனுஷனுக்குக் கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை.

இரண்டேகாலுக்கு மாமாவின் போன் வந்தது. "டாக்டரு சொன்னாச் சரி, போட்டுக்கங்க" என்றார். கையெழுத்து விழுந்தது. மயக்க டாக்டர் நெரிசலில் மாட்டி மூன்றரைக்கு வந்து சேர்ந்தார். டாக்டரம்மா என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஒம்பதுக்கு மேல ஆயிடுச்சும்மா. இனிமே போட்டுப் பிரயோசனமில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான், தைரியமா இரு."

பிறகு நான் பல்லைக் கடிக்கவில்லை. கத்தினேன். அந்த மாடி முழுக்கக் கேட்கக் கத்தினேன். மேலே ஏறிக்கொள்ளும் என்று பயமுறுத்திய பிள்ளை நாலேமுக்காலுக்குக் கீழேதான் வந்தது. பெண் குழந்தை. என் நெஞ்சின் மேல் போட்டார்கள். அவளும் அப்படித்தான் கத்தினாள். அந்த நிமிடம் நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாளிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊசி கீசி ஒண்ணுமில்லீங்க. எங்க மருமவ சுகப்பிரசவமாப் பெத்துட்டா." வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கெட்டிக்காரி என்றார்கள். நான் பால் கொடுக்கிற சாக்கில் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உடம்பு ஆறியது. மனசு ஆறவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை, அதனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடச் சேலத்துக்கே கூட்டிப்போனோம். அத்தையும் திருச்செங்கோட்டிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். குழந்தை டாக்டர் வயதானவர், அவசரமில்லாமல் பேசினார்.

"இதுல ரெண்டு வகை இருக்குங்க. ஒண்ணு சாதாரணமாப் போடுறது. கால் வீங்கும், காய்ச்சல் வரும், ரெண்டு நாள் அழுவா. இன்னொண்ணு வலியில்லாத ஊசி. ரெண்டும் வேலை செய்யும். நீங்க வீட்ல கலந்து பேசி..."

"வலியில்லாதது போடுங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதையே போடுங்க சாமி" என்றார் அத்தை, பாப்பாவின் தொடையைப் பொத்திக்கொண்டு. "பச்சமண்ணு. அது எப்படீங்க வலி தாங்கும்? ஊசி இருக்கறப்ப எதுக்குங்க அது நோவோணும்?"

அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றாள். யாரும் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. டாக்டர் நீட்டிய தாளில் வாங்கின கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எனக்கும் அந்த ஊசிதான் வேண்டும். என் மகளுக்கு ஒரு பொட்டு வலிகூட வரக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கும்மா அழறீங்க? பாப்பாவுக்கு வலிக்காது."