தெற்கு வரப்பில் அறுத்த புல்

சென்ற ஆண்டு, இரண்டாம் போகம். சித்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். ட்ரோனில் பயிருக்கு மருந்து அடிப்பது என் வேலை. அன்று காலை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆறரை மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன், இரண்டு ஏக்கர் நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து அடிக்க ஆரம்பித்தேன்.
2. ஆறே முக்காலுக்கு முடிந்தது. வயல்காரருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினேன்.
3. மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் பேட்டரிகளை வண்டியில் ஏற்றினேன்.
4. ஏழே கால். எல்லைக்கு நட்டிருந்த குச்சிகளைப் பிடுங்கத் திரும்பி வந்தேன். தெற்கு வரப்பில் முழங்கால் உயரத்துக்கு நின்ற புல்லைக் காணோம். யாரோ அடியோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வரப்பிலும் மருந்து விழுந்திருந்தது. அந்த நேரத்தில் புல் எல்லாமே பனியில் நனைந்திருக்கும். எது பனி, எது மருந்து என்று பார்த்தால் தெரியாது.

வயல்காரரைக் கூப்பிட்டேன். "வரப்புப் புல்லு அம்மிணி அது. மாடு வெச்சிருக்கறவங்க யாரு வேணா அறுப்பாங்க. யாருன்னு நான் சொல்றது?" என்றார். நிலம் இல்லாமல் மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வரப்புப் புல்தான் தீவனம். அது இங்கே பல காலமாக உள்ள வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் அடிப்பதற்கு முன்னும் பின்னும் நான் தகவல் சொன்னது வயல்காரருக்கு மட்டும்.

பால் சொசைட்டி எட்டு மணி வரை திறந்திருக்கும். ஊரில் மாடு இருக்கும் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அங்கே வருவார்கள். ஸ்கூட்டரை விரட்டினேன். இருபது பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை.

"தெற்கு வரப்புல புல்லு அறுத்தது யாருங்க? அது மேல நான் மருந்து அடிச்சுட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். "மேல பறக்கறவங்களுக்குக் கீழ இருக்கறது கண்ணுக்குத் தெரியாதாட்ட இருக்குது" என்றார் ஒருவர். இன்னொருவர், "பம்பு தூக்கி அடிச்ச காலத்துல அரை நாளு ஆவும். நாத்தமே ஊருக்குச் சொல்லிப்போடும். நீ கால் மணி நேரத்துல அடிச்சுட்டுப் போயிட்ட. எவளுக்கு அம்மிணி தெரியும்?" என்றார். திட்டுகிற மாதிரிதான் சொன்னார். உண்மையும் அதுதான்.

வரிசையில் இருந்த ஒரு அக்கா சட்டென்று சொன்னார்: "கனால் மேட்டு அக்காளாத்தான் இருக்கும். மாடு நெறமாசம், பாலு இல்ல. அதான் இங்க வரல."

போன் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் ஏறிக்கொண்டார். "ஓட்டு அம்மிணி. பேச்செல்லாம் அப்பறம்."

பாசன வாய்க்கால் மேட்டில் இருந்த அவர் வீட்டுக்கு நாங்கள் போனபோது புல்லுக்கட்டு அவிழ்ந்து கிடந்தது. மாடு மென்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் மீதியை இழுத்தெடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கனால் மேட்டு அக்கா மாட்டின் வயிற்றில் கையை வைத்தபடி நின்றார்.

கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு, பையில் இருந்த மருந்துப் பாட்டிலை எடுத்துப் பெயரைப் படித்துச் சொன்னேன். எச்சில் ஒழுகுகிறதா, உடம்பு நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து போனில் குறித்துக்கொண்டேன்.

கனால் மேட்டு அக்கா கேட்டார். "சொல்லீட்டு அடிச்சிருக்கலாமல்ல?"

"வயல்காரர்கிட்டச் சொன்னேனுங்க்கா."

"வயலு அவருது. புல்லு?"



பத்து மணிக்கு டாக்டர் வந்தார். உள்ளே போனது கொஞ்சம்தான், சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார். நானும் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்கு மாடு வைக்கோல் தின்று அசைபோட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சில நாட்களில் நல்லபடியாகக் கிடாரிக் கன்று பிறந்தது. இப்போதெல்லாம் முதல் நாள் மாலையே சொசைட்டியில் சொல்லிவிடுகிறேன். வரப்பில் சிவப்புத் துணியும் கட்டுகிறேன். ஒரு வயலை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நில உரிமையாளரின் பெயரை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்று புரிந்தது. கனால் மேட்டு அக்கா மட்டும் இன்னும் அந்த வரப்புக்கு வருவதில்லை. கனாலைத் தாண்டிப் போய் அறுத்து, புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வருகிறார்.