காலியாக விட்ட கட்டம்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. சுவர்க்கடிகாரம் கொஞ்சம் பிந்தினால்கூட இறக்கிப் பிரித்துவிடுவேன். பிரித்ததில் பாதி திரும்ப ஓடாது. அரிமளத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு இந்தப் புத்தி தொழிலுக்கு ஆகும்தான். ஆனால் போன மாதம் அது ஒரு பிள்ளையின் விளையாட்டைக் கெடுத்துவிட்டது.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விக்கி நடத்துகிறோம். ஊர், குளம், சந்தை, மனிதர்கள் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதில் எழுதலாம், திருத்தலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு படப்பெட்டி வரும். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அந்தப் பெட்டியின் அமைப்பை வார்ப்புரு என்போம். படம், படக்குறிப்பு, எடுத்த இடம் என்று அதில் சில கட்டங்கள். எதையும் நிரப்பியே ஆக வேண்டுமென்பதில்லை, விருப்பமிருந்தால் நிரப்பலாம். அந்த வார்ப்புருவை எழுதியவன் நான்தான். கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘விருப்பம்’ என்று போட்டவனும் நான்தான்.

மணமேல்குடியில் ஒரு பி.டி. டீச்சரைப் பற்றிப் போன வருஷம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் சாயங்காலங்களில் பெண்பிள்ளைகளுக்கு எறிபந்து சொல்லித்தருகிறவர். அங்கே ஆண்கள் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் வெளிநாட்டில். வளர்ந்த பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு வாக்குக் கொடுப்பார். “பிள்ளை படம் எங்கிட்டும் வராது. அதுக்கு நான் பொறுப்பு.” அவருடைய டீம் முழுக்க அந்த வார்த்தையில்தான் நின்றது.

அது தெரியாமல், நான் போன அன்றைக்கு அவர் விசில் ஊதுவதைப் போனில் படம் எடுத்து, நின்ற இடத்திலேயே அவர் பெயரையே படத்துக்கும் பெயராகப் போட்டு விக்கியில் ஏற்றியும்விட்டேன். பின்னால் ஒரு பிள்ளை பந்தைப் பிடிக்க எம்பியிருந்தாள். அவள் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. டீச்சரிடம் காட்டியதும் அவர் முகம் மாறியது. அப்போதுதான் அந்த வாக்கைப் பற்றியும் சொன்னார். “என்னையப் பத்தி எழுதுங்க தம்பி, வேணாங்கல. படம் மட்டும் வேணாம்.” சரி டீச்சர் என்றேன். அவர் பக்கத்தில் படத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆனால் ஏற்றிய படத்தை அழிக்கவில்லை. என்றைக்காவது மனசு மாறுவார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று விக்கியின் படக்கிடங்கில் கிடக்க விட்டேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் படம் நன்றாக வந்திருந்தது, எடுத்த எனக்கு அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் கீரமங்கலத்து நண்பர் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துப் பூச்சந்தையெல்லாம் விக்கியில் அவர் எழுதியதுதான்.

“என்னங்க, ஒங்க பெட்டி பல்ல இளிக்குது? படம் போடாத பக்கத்துல எல்லாம் அடைப்புக்குறியும் கோடுமா நிக்குது. பாக்கச் சகிக்கல.”

திறந்து பார்த்தேன். உண்மைதான். கட்டம் காலியாக இருந்தால் எதைக் காட்டுவதென்று தெரியாமல், பெட்டி தன் வயிற்றில் இருக்கும் குறிகளை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது.

திருத்துவது சுலபம். காலியாக இருந்தால் ஒன்றும் காட்டாதே என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. போட்டேன், சரியானது. அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கிடங்கில் தேடு, பக்கத்தின் பெயரில் படம் இருந்தால் எடுத்து வை என்று இன்னொரு வரி சேர்த்தேன். பூச்சந்தைக்குப் படம் வந்தது. எங்கள் ஊர் ஊரணிக்கு வந்தது. படம் போட மறந்த பக்கமெல்லாம் ஒரே மூச்சில் நிரம்பிவிட்டது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பீற்றிக்கொண்டேன். ஆளாளுக்குக் கைதட்டினார்கள். மறந்து விட்டதும் வேண்டுமென்றே விட்டதும் அந்த வரிக்கு ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சில நாள் கழித்து டீச்சரின் போன் வந்தது. “தம்பி, அந்தப் படம் வந்திருக்கே” என்றார். உடனே அவர் பக்கத்தைத் திறந்தேன். நான் காலியாக விட்ட கட்டத்தில் அந்தப் படம் நின்றது.

எம்பிப் பந்தைப் பிடிக்கும் அந்தப் பிள்ளையின் அத்தா (அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) சவுதியில் இருக்கிறார். அவருடன் தங்கியிருக்கும் ஒருவர் எங்கள் விக்கியில் அதைப் பார்த்து அவரிடமே காட்டியிருக்கிறார். அன்றோடு பிள்ளை மைதானத்துக்கு வருவது நின்றுபோனது. அந்தச் சனிக்கிழமை புதுக்கோட்டையில் மேட்ச். டீமில் நன்றாக ஆடுகிறவள் அவள்தான்.

நான் சேர்த்த வரியையும் எடுத்தேன், படத்தையும் அழித்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. போன வருஷமே செய்திருக்க வேண்டியது. ஆனால் படம் எத்தனை போனுக்குப் போயிருக்கிறதோ, அதையெல்லாம் என்னால் என்ன செய்ய முடியும்? மறுநாள் மணமேல்குடிக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்வதென்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

“அது தானா வந்து உக்காந்துருச்சு டீச்சர்” என்றுதான் கடைசியில் வாயில் வந்தது.

“தானா எப்புடித் தம்பி வரும்? நீங்க அன்னைக்கே அழிக்கலையா?”

“இல்ல டீச்சர்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பிள்ளையின் அத்தாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். டீச்சர் தன் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தார். தப்பு முழுக்க என்னுடையது, டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று படபடவென்று சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

“டீச்சர் வந்து கேட்டப்ப, புள்ள ஆட வேணாம்னு நான் சொல்லலங்க. நெட்டுல வர வேணாம்னுதான் சொன்னேன். கூட இருக்கவன் எல்லாரு முன்னாடியும் காட்டி ஒரு மாதிரி பேசிட்டான். டீச்சர் சொன்னாச் சொன்னதுதான்னு இருந்தேன்.”

“இனிமே வராதுங்க. நான் உறுதியாச் சொல்றேன்.”

“இதத்தாங்க டீச்சரும் சொன்னாங்க” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எத்தனையோ வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி அவர் சேர்த்த பெயரை, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரியில் கெடுத்திருந்தேன்.

சாயங்காலம் அவரோடு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் வலையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர். பின்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து எறிந்தார்கள். பந்து அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பிள்ளைகள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சனிக்கிழமை மேட்ச் இருக்கே டீச்சர். அந்த எடத்துல வேற ஒரு பிள்ளைய நிப்பாட்டிப் பழக்கலாமே? அங்கிட்டு ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களே.”

டீச்சர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு எதுவும் காலியா இருந்தாப் பொறுக்காதா தம்பி? அது அவ எடம். சனிக்கிழமை காலைல பஸ் ஏறுற வரைக்கும் அவளுக்குத்தான். காலியாவே இருக்கட்டும்.”

மறுபடி விசிலை ஊதினார். பந்து அந்த இடத்தில் விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டேன்.