தோட்டாவின் அடியில் ஒரு குழி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. திருத்தணி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மலேரியாக் காய்ச்சல் அதிகம் என்பதால், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வேலையையும் டாக்டர் என் தலையில் கட்டியிருந்தார். என் கணவருக்கு மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லை. காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கி ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார்.

மார்கழியில் ஒரு காலை, பக்கத்துக் கொல்லைக்காரரை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பனிமூட்டத்தில் ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருந்தவரை யாரோ சுட்டுவிட்டார்கள். தொடை முழுக்க ஈய ரவை. டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட, நான் தட்டை ஏந்தி நின்றேன்.

அடிபட்டவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நர்சம்மா, உங்க ஊட்டுக்காரர்தான் சுட்டுட்டாரு. நான் கண்ணால பாக்கல. ஆனா வேற யாருக்கு எம்மேல கோவம்?"

கால்வாய்த் தண்ணீருக்காக இருவரும் முந்தின வாரம்தான் கைகலக்கும் அளவுக்குச் சண்டை போட்டிருந்தார்கள். ஊருக்கே அது தெரியும்.

வாக்குமூலம் வாங்க வந்த சப் இன்ஸ்பெக்டர் ஏரிக்கரையில் கிடைத்த காலித் தோட்டாவை உள்ளங்கையில் வைத்து டாக்டரிடம் காட்டினார். சிவப்புக் காகிதக் குழாய், பித்தளை அடி. துப்பாக்கியின் ஊசி குத்திய சின்னக் குழி அந்த அடியில் இருந்தது. குழி நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. வேலைப் பழக்கம், என் கண் அதைக் குறித்துக்கொண்டது.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் போலீஸ் வந்து நின்றது. "நான் சுடலம்மே," என்றார் என் கணவர். "காலைல மலைப்பக்கம் போனேன். பனியில ஒண்ணும் தெரியல, வந்துட்டேன்." துப்பாக்கியையும் அவரையும் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. சப்ஜெயில்.

காலையில் போய் வந்ததிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பும்வரை அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யுத்தத்தில் தோட்டா கிடைப்பது அரிதாயிருந்ததால், திரும்ப வெடிமருந்து நிரப்பலாம் என்று காலித் தோட்டாக்களை ஒரு பிஸ்கெட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார். போலீசுக்கு அது தெரியாது. மறுநாள் டப்பாவைக் கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து முடித்தபின் மைக்ராஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ரத்தத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் வர வேண்டும், பித்தளைக்கு அது உதவாது. வெயில் பக்கவாட்டில் விழும்படி தோட்டாவை நிறுத்தி, குறைந்த பவரில் பார்த்தேன்.

குழி ஒரு பெரிய கிணறு போலத் தெரிந்தது. நடுவில் இல்லை. மூன்று தோட்டாக்களைப் பார்த்தேன். மூன்றிலும், ஏரிக்கரைத் தோட்டாவில் போலவே, ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. குழியின் சுவரில் மெல்லிய கீறல்கள் வேறு.

இவர்தான் சுட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடக் குறைவு, நம்பினேன்.

சாயங்காலம் மலையடிக் குளத்தருகே நின்றேன். டப்பாவைத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. படியில் ஆள் நடமாட்டமும் இல்லை. ஆனால் போட்டுவிட்டால் அவர் சுட்டார் என்று நானே தீர்ப்பு எழுதியதாகிவிடும், அதற்குப்பின் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சோறு போடுவேன்? நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப் இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். "இத ஏம்மா கொண்டாந்தீங்க? நான் கேக்கலியே."

"ஏரிக்கரைத் தோட்டாவுலயும் இதுலயும் குழி ஒரு பக்கமாத் தள்ளி இருக்குதுங்க. உள்ள இருக்கிற கீறலு ஒண்ணுதானான்னு எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க."

"பட்டணத்துல நிபுணர் இருக்காரு. துப்பாக்கியோட சேத்து அனுப்பறேன். பதிலு உங்களுக்கு எதிராவும் வரலாம்."

"ஆங், தெரியுங்க."

அதன்பின் காத்திருப்புதான். தினமும் பக்கத்துக் கொல்லைக்காரரின் காயத்துக்கு நான்தான் கட்டுக் கட்டினேன். இடையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தைப் பார்த்து மலேரியா என்று சொல்லி, கொய்னா மருந்து கலக்கி வாயில் ஊற்றியதும் நான்தான். ஒரு நாள் கேட்டார்: "எம்மேல கோவமாம்மா?"

"காலை ஆட்டாதீங்க," என்று மட்டும் சொன்னேன்.

தை போனது. மாசி பிறந்து சில நாளில் சப் இன்ஸ்பெக்டர் ஒரு காகித உறையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நீங்க இத பாக்கணும்," என்று இரண்டு போட்டோக்களை மேஜைமேல் வைத்தார்.

இரண்டு மைக்ராஸ்கோப்புகளை ஒன்றாக இணைத்த கருவியில் எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இரு புறமும் இரண்டு தோட்டாக்களின் அடி. முதல் படத்தில், எங்கள் டப்பாவிலிருந்த தோட்டாவும் பட்டணத்தில் அதே துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த தோட்டாவும். கீறல்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அறுபடாமல் ஓடின. இரண்டாவதில் ஏரிக்கரைத் தோட்டாவும் பட்டணத்தில் சுட்ட அதே தோட்டாவும். குழி அதிலும் ஒரு பக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கீறல்கூட நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

"வேற துப்பாக்கிம்மா," என்றார் அவர்.

அவர் சொல்லுமுன் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. பல நாளாக மூச்சை அரைகுறையாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த நாள் என் கணவர் வீடு வந்தார், தாடியும் மெலிந்த தோளுமாக. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டப்பாவ நாந்தான் குடுத்தேங்க. அதுக்கு முன்னால மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நீங்கதான் சுட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

அவர் கை இலையில் நின்றது. "இன்னா, நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

இலையிலிருந்த சோற்றை மெல்லப் பிசைந்தார். பிறகு, "ஜெயில்ல மொதல் ஒரு வாரம் நானே ரோசன பண்ணிக்கினு இருந்தேன்," என்றார். "அன்னிக்கு அவன் மேல இருந்த கோவத்துல, எதிர்ல வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு. காலைல வாயத் திறக்காம இருந்தேனே, அந்தக் கோவந்தான். நீ நெனச்சதுல தப்பில்ல. ரசம் ஊத்து."

ஊற்றினேன். அன்று அவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார்.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவர், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டு ஓடியது பங்குனியில் வெளிவந்தது. செய்தி தெரிந்த மறுநாள் பக்கத்துக் கொல்லைக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "இன்னிக்குத் தண்ணி நீயே மொதல்ல உட்டுக்கோ," என்றார் என் கணவரிடம். இருவரும் மண்வெட்டியோடு கால்வாய்ப் பக்கம் நடந்தார்கள், அவர் நொண்டுகிற வேகத்துக்கு என் கணவரும் மெல்லவே நடந்தார்.