உப்புத் தரையில் நடந்தவர்

என் வீட்டுக்காரர் அரபு நாட்டில் டிரைவர். பறவை, ஆமை என்று ஆராய்ச்சி செய்கிறவர்களை ஒரு தீபகற்பத்தின் கோடிக்கு ஜீப்பில் கொண்டுபோய் விடுவார். மூன்று பக்கம் கடல், மிச்சமெல்லாம் பாலைவனம். மேட்டில் ஏறினால்தான் சிக்னல். தினமும் சாயங்காலம் ஏறிப் பேசிவிடுவார். பேச்செல்லாம் பிராணிகள்தான். வால் முழுக்க முள்ளாக ஓர் உடும்பாம், தண்ணீரே குடிக்காதாம். மழை பெய்யாத அந்த ஊரில் செடிகள் கடல் பனியில் நனைந்தே பிழைக்கின்றனவாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், ஆமை முட்டையை நரி தோண்டித் தின்ற கதையைச் சொல்வார். என்ன மனுஷனோ!

ஒரு நாள் காலையிலேயே மேட்டில் ஏறிவிட்டார் போல, வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது. "தண்ணி வத்தி மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. நம்மூரு ஏரி மாதிரியே இருக்குது. அந்தாண்ட பூநாரைங்க நிக்குது. குறுக்க நடந்து போயி போட்டோ எடுத்து அனுப்பறேன்."

கோடையில் ஏரி வெடித்துவிட்டால் குறுக்கே நடப்பதுதான் எங்கள் வழக்கம். அதனால் நானும் ஒன்றும் நினைக்கவில்லை. சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப்.

செராமிக் கம்பெனியில் என் பக்கத்தில் வேலை செய்யும் மங்கலம்பேட்டை அக்காவிடம் அந்த வாட்ஸப் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர் வீட்டுக்காரரும் பல வருஷம் அங்கே இருந்தவர்.

"ஐயையோ, அது உப்புத் தரைம்மா! மேலதான் காஞ்சிருக்கும், கீழ சேறு. வண்டியே முழுகிடும்னு எங்க வூட்டுல சொல்வாங்க."

அச்சில் களிமண் கூழ் ஊற்றுவது என் வேலை. ஓரம் இறுகியிருக்கும்போதே உள்ளே கூழ் தளதளவென்று கிடப்பதைத் தினமும் பார்க்கிறவள். அக்கா சொன்னது உடனே புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். கையிலிருந்த அச்சைக் கவிழ்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கம்பெனி நம்பருக்கு அடித்தேன். யாரோ அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். வேறு யாரைக் கேட்பது?

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது தெரியாத நம்பரிலிருந்து போன். அவர்தான்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடுப்பு வரைக்கும் எறங்கிட்டேன். கூட வந்தவங்க கயிறு போட்டு இழுத்தாங்க. போனு சேத்துல போயிடுச்சு."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அதற்குள் அவர் மெதுவாகக் கேட்டார்.

"பயமா இருக்குது. வூட்டுக்கு வந்துடட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கேட்டு எதுவும் செய்யாத மனுஷன்.

"இதுக்கு ஒரு கேள்வியா?" என்றேன். "கெளம்பி வாங்க."