பத்தாம் மாதம் பத்தொன்பது

பியன் தல்சூ சாவதில் கெட்டிக்காரர். இருபத்தாறு வருஷம் தேஜான் நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சினிமாவில் கூட்டத்தோடு நிற்கும் வேலைக்குப் போய் நாற்பது தடவையாவது செத்திருப்பார். அம்பு பட்டு, கொள்ளைநோய் கண்டு, ஒருமுறை காளை முட்டி. எல்லாம் வீட்டுக்கு வந்து குளித்தால் போய்விடும்.

இந்தச் சாவு அப்படிப் போகாது. நூறு வருஷத்துக்கும் முன்னால் அரசாட்சியைச் சீர்திருத்தக் கிளம்பி, மூன்றே நாளில் தோற்றுப்போனவர்களின் படம் இது. தல்சூவுடைய பூட்டனின் தம்பி, அரண்மனை வாயிற்காவலன், அவர்களுக்கு உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டவன். துரோகிப் பட்டம் கட்டியதும், பயந்துபோன குலத்தார் குலப் புத்தகத்தில் அவன் பெயரை மை பூசி அழித்தார்கள். திதியில் எல்லா முன்னோருக்கும் சோறு உண்டு, அவனுக்கு மட்டும் கிடையாது. அப்படி என்ன குடி கெடுத்துவிட்டான்?

திதி நடப்பது மூத்த வீட்டில், பெரியப்பா மகன் இன்மோவிடம். தல்சூ வருஷா வருஷம் கெஞ்சுவார்.

"அண்ணே, அவருக்கும் ஒரு கிண்ணம் சோறு வைங்களேன்."

"செத்த நாளே தெரியாதவனுக்கு எப்படிடா திதி? சும்மா தொணதொணக்காதே!"

இப்போது தல்சூவுக்கு வாயிற்காவலன் வேஷம் என்று கேள்விப்பட்டு, இன்மோ படப்பிடிப்புக்கே வந்துவிட்டார்.

"மூடி வெச்ச மானத்தை ஊருக்கே படம் போட்டுக் காட்டப் போறியா?"

பதில் சொல்வதற்குள் தல்சூவைக் கூப்பிட்டுவிட்டார்கள். துரத்தி வந்த படையை மறித்து, கதவுக்குக் குறுக்கே நின்றார். வெட்டு விழுந்தது. கொண்டை அவிழ்ந்து, சேற்றில் முகம் புதைய விழுந்தார். இயக்குநர் போதும் என்று கத்தியும் எழுந்திருக்கவில்லை. இன்மோதான் போய்க் கைகொடுத்துத் தூக்கினார்.

மத்தியானம் சாப்பாட்டு வண்டியிலிருந்து சோறு வந்தது. தல்சூ தொடாத கிண்ணத்தை இன்மோ இழுத்து, நடுவில் கரண்டியை நிமிர்த்திக் குத்தினார்.

பரிமாறிய பெண் பதறினாள். "ஐயையோ தாத்தா! செத்தவங்களுக்குத்தான் அப்படிக் குத்துவாங்க!"

"செத்தவனுக்குத்தான்மா." தல்சூவிடம் திரும்பினார். "பத்தாம் மாசம் பத்தொன்பது."

"என்னது?"

"அவர் செத்த நாள். மூத்த வீட்டுல அப்பன் மகனுக்குச் சொல்லிட்டுத்தான் சாவான்."

"அப்போ இத்தனை வருஷமா தெரியாதுன்னீங்களே அண்ணே!"

"நீ மட்டுந்தான் நடிகனாடா?" இன்மோவின் குரல் உடைந்தது. "வழக்கப்படி முந்தின நாள் ராத்திரியே படைக்கணும். பதினெட்டாந்தேதி வந்து சேரு."

நாற்பது தடவை செத்தும் அழாத தல்சூ, அந்தக் கிண்ணத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டு, வாய்விட்டு அழுதார்.