பீடி தொடாத அக்காவின் இருமல்

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா கோவையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் 'புளோரூம்' பிரிவில். ஞாயிறு விடுமுறையில் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து இருமிக்கொண்டே வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

மில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊட்டுல யாராச்சும் பீடி குடிப்பாங்க. இல்லாட்டி பரம்பரை ஆஸ்துமா."

"எங்கூட்டுல யாரும் பீடி தொட்டதில்லீங்க. இழுப்பும் யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப மனசுலதான் இருக்குது" என்று மாத்திரை எழுதினார்.

அந்த வருடமே மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், மில் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறு பற்றி வீடு வீடாக விசாரிக்க ஆள் தேடினார். சேர்ந்துகொண்டேன். முதல் நாளே அக்காவின் கதையைக் கொட்டினேன்.

"ஒருத்தரை வச்சுச் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றார். "பீடி சிகரெட் தொடாதவங்களா மட்டும் எடுப்போம். பஞ்சுத் தூசியில நிக்கறவங்க ஒரு பக்கம், தூசி இல்லாத பேக்கிங்ல இருக்கறவங்க ஒரு பக்கம். வயசும் சர்வீஸும் ஒத்து வரணும். நோய் எந்தப் பக்கம் அதிகமா இருக்குன்னு அப்பப் பார்க்கலாம்."

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். ஊதச் சொல்லி மூச்சையும் அளந்தோம். புளோரூமில் வேலை செய்தவர்கள் பலரும் அக்கா சொன்னதையே சொன்னார்கள்: "ஞாயித்துக்கெழம ஒண்ணுமில்லீங்க அம்மணி. திங்கக்கெழம உள்ள போனா நெஞ்ச இறுக்கிப் புடிக்குதுங்க." பேக்கிங்கில் அப்படிச் சொன்னவர்கள் அபூர்வம்.

மேனேஜர் அறையில் பேராசிரியை, பஞ்சுத் தூசிதான் காரணம் என்ற முடிவை விளக்கினார். மில் டாக்டரும் இருந்தார். மறுவாரம் மில் கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'பீடி, சிகரெட் பிடிக்காதீர்கள்.' பீடியே பிடிக்காதவர்களிடம் நடத்திய ஆய்வுக்கு அதுதான் பதில்!

தொழிற்சங்கத்தார் கேட்டில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் தூசியை உறிஞ்சும் மெஷின் வந்தது. அக்காவையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இறுக்கம் குறைந்தது, போன மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றுதான் ஏறுவாள்.

"வெரசா ஏறுங்கக்கா" என்று ஒரு கண்டக்டர் விசிலடித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த டாக்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருத்திக்குப் பரம்பரை ஆஸ்துமா என்று எழுதிக்கொண்டிருப்பாரே, அவர் மேல்தான்.